இரண்டும் இடது

சிவப்பு வீரன் கையை உயர்த்துகிறான்.
பின்னால் நெருப்பு வெடிக்கிறது.
ஜப்பான் வாய் மூடிய பிறகும்
தமிழ் கத்திக்கொண்டிருக்கிறது.
அசரியா கட்டில்மேல் நின்று
தானும் கத்துகிறான்.

நான் கையுறையைத்தான் பார்க்கிறேன்.
வெள்ளை. ஆட்டுத்தோல், மெல்லிசு ரகம்.
கட்டைவிரல் கவட்டையில்
ஒரு தையல் விட்டிருக்கிறது.
பேரணாம்பட்டில் எங்கள் கம்பெனியாயிருந்தால்
ஷகீல் பாய் மூஞ்சியிலேயே எறிந்திருப்பார்.

"அவன் உலகத்தையே காப்பாத்துறான்,
நீ தையலப் பாக்குறியேம்மா."

டைனோசர் முதுகில் ஜிப் தெரிந்ததை
நான் சொல்லவில்லை.

சனிக்கிழமை, சம்பளத்தோடு
கழிவுக் கூடையிலிருந்து ஒரு ஜோடி
கேட்டு வாங்கி வந்தேன்.
இரண்டுமே இடது கை.
அதனால்தான் கழிவு.

மாட்டிப் பார்த்தான்.
வலது கையில்
கட்டைவிரல் வீட்டுக்குள்
சுண்டுவிரல் குடிபோனது.
அழப்போகிறான் என்று
டீ வைக்க எழுந்தேன்.

விரல்களை மடக்கினான்.
தோளைக் குறுக்கி, கழுத்தை நீட்டி
கட்டிலிலிருந்து தொப்பென்று குதித்தான்.

ஐந்து நிறத்தில் எதுவும் வேண்டாமாம்.

சோறு ஆறிக்கொண்டிருக்கிறது.
முதலில் பூனையை, பிறகு என்னை
உறுமி உறுமித் துரத்துகிறது
முதுகில் ஜிப் இல்லாத ஒன்று.