இஞ்சு டேப்

ஒருத்தி எழுந்து இன்னொருத்தி படுப்பதற்குள்
ஸ்பிரிட் தொட்டு டேப்பைத் துடைக்கிறேன்.
முன்பெல்லாம் நாளுக்கு ஒரு முறை,
இப்போது வயிற்றுக்கு ஒரு முறை.
மே மாதம் முடிவதற்குள்
இருபத்தெட்டு முதல் முப்பத்திரண்டு வரை எண்கள்
கரைந்து பஞ்சோடு வந்துவிட்டன.
புது டேப் கேட்டு எழுதினேன்.
முகக்கவசம் ஒரு பெட்டி வந்தது.

போகட்டும், விரலுக்குத் தெரியும்.
தொப்புளுக்கு மேல் மூன்று விரற்கடை என்றால்
இருபத்தெட்டு வாரம்.
இரட்டைக் கையுறைக்குள்ளிருந்து
விரல் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்கிறது.

மத்ராவின் சந்துகளுக்குக் குறுக்கே
சிமெண்ட் தடுப்பு வைத்த வாரம்
சுற்றறிக்கை வந்தது:
பாதி வருகை போதும், மீதிக்குத் தொலைபேசி.
காலையில் மேசைமேல் பதினேழு பெயர்கள்.
வராதே என்று சொல்ல
நான்கு மொழிகளில் கற்றுக்கொண்டேன்.
வா என்று சொல்ல
என் அரைகுறை அரபியே போதுமாக இருந்தது.

ஸுவைனா கேட்டாள்,
"அளக்காவிட்டால் வளராதா?"
வளரும் என்றேன்.
போனை வைத்த பிறகும்
அந்தச் சொல் காதிலேயே கிடந்தது.

மஹ்னாஸ் பலூச்சிப் பெண், நான்காவது சூல்.
இடப்பக்கம் சாய்ந்து படு,
பேரீச்சம்பழம் இரண்டு தின்னு,
பத்து அசைவு எண்ணு என்றேன்.
"மூன்று பிள்ளைகள் கத்துகிற வீட்டில்
பத்து வரைக்கும் எவள் எண்ணுவாள்?"
அவளே ஒரு வழி கண்டாள்.
மீன் குழம்பில் போடும் கறுத்த லூமி,
காய்ந்த எலுமிச்சை,
ஒரு கிண்ணத்திலிருந்து மறு கிண்ணத்துக்கு
உதைக்கு ஒன்று.
போனில் எனக்குக் கேட்கும்.
டொக்.
நெடுநேரம் ஃபிரிட்ஜ் இரைச்சல் மட்டும்.
டொக். டொக்.
"ரெண்டா?"
"இல்லை சிஸ்டர், ஒன்று உருண்டு விழுந்தது."

ஒருநாள் ஆறோடு நின்றது.
இரண்டு மணி நேரம், ஆறு லூமி.
தடுப்பில் நின்ற போலீஸ்காரப் பையனிடம்
அவள் போனை நீட்டினாள்.
நான் என்ன சொன்னேனோ,
எந்த மொழியில் சொன்னேனோ,
கம்பியை நகர்த்தினான்.
மேடேறி வந்து படுத்தாள்.
முகத்திரைக்குள் என் மூச்சு படிந்து
எனக்கு அறையே தெரியவில்லை.
டாப்ளரை வைத்தேன்.
குதிரை ஓடியது,
நிமிடத்துக்கு நூற்று நாற்பத்திரண்டு.
"தூங்கியிருக்கிறான் கள்ளன்" என்று
வயிற்றைப் பார்த்து வைதாள்.
நான் சுவர் பக்கம் திரும்பி
டேப்பைத் துடைத்தேன், அளக்கவேயில்லை,
சும்மா துடைத்தேன்.

ஜுனைதாவின் அட்டையில்
கடைசி வரி இருபத்தேழு வாரம்.
காயல்பட்டினக்காரி. முதல் நாளே
என் பேச்சைக் கேட்டு "தூத்துக்குடியா?" என்றவள்.
செவ்வாய்: போன் அணைக்கப்பட்டுள்ளது.
வெள்ளி: அணைக்கப்பட்டுள்ளது.
அடுத்த செவ்வாய் எழுதுவதற்குப் பதில்
மேலே உள்ளதற்குக் கீழே இரண்டு புள்ளி வைத்தேன்.
பிறகு எனக்கே காய்ச்சல்.
விடுதி அறையில் பதினான்கு நாள்,
தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு ஓடும் காலடிகள்.
படுத்தபடி கணக்குப் போட்டேன்:
இருபத்தெட்டு, இருபத்தொன்பது,
முப்பது.

அக்டோபரில் தடுப்பூசி நாளன்று
வாசலில் ஒரு குரல் சண்டைக்கு நின்றது.
"அவருக்கு வேலை போச்சு, நம்பர் போச்சு,
ரூம் மாறிட்டோம். போன் இல்லேன்னா
ஆளை விட்டுக் கேக்க மாட்டியளா?
ஒரு மாசம் என் வயித்த
யாரும் தொட்டுப் பாக்கல."
வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
நான் விளக்கம் சொல்லவில்லை.
தடுப்பு, சுற்றறிக்கை, காய்ச்சல்,
எல்லாம் இருந்தன என்னிடம்.
அவள் திட்டத் திட்ட
தோளில் குழந்தை கொட்டாவி விட்டது.

வாங்கி மடியில் கிடத்தினேன்.
தலையைச் சுற்றி டேப்பை வைத்தேன்.
நாற்பது.
அந்த எண் இன்னும் அழியவில்லை.