அவரவர் செலவு

கல்லாவில் கை வைத்தவள் என்றான் முதலாளி.
பொய்யென்று தீர்ப்பாயிற்று, லைட் ஸ்திரீட் நீதிமன்றத்தில்.
பேனாவை மூடிக்கொண்டே நீதிபதி சொன்னார்:
அவரவர் செலவு அவரவருக்கு.

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் நாற்பத்தொரு நடை.
நகலுக்குப் பக்கம் இருபது காசு.
முத்திரை ஒவ்வொன்றுக்கும் நாலு வெள்ளி.
சாட்சிக்கு வந்த ஆ ஹெங்குக்கு ஒருநாள் கூலி.
அவன் வாங்கவில்லை; எழுதித்தான் வைத்திருக்கிறேன்.

"புத்ராஜெயா போனால்
வருவதைவிடப் போவதே அதிகம், தனபாக்கியம் அக்கா."
வக்கீல் இளவேனி கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டுகிறாள்.

தெரியும்.
பதினெட்டு வருடம் கல்லாவில் உட்கார்ந்தவள் நான்.
ஆனால் அந்த ஒற்றை வரி போதும்,
ஒரு விரலாவது பட்டிருக்கும் என்று
பாகான் ஆஜாம் சந்தையில்
மீனைப் புரட்டிக்கொண்டே பேச.

கையெழுத்துப் போட்டேன்.
ரசீது கொடு, இளவேனி.
இதையும் சேர்த்து எழுதணும்.