ஏழாம் நம்பர் மதகு

தொகுதியை மறுபடி பிரித்த வருஷம்
எங்கள் வாய்க்காலைத்தான் கோடாக எடுத்துக்கொண்டார்கள்.
மேசையில் உட்கார்ந்திருந்தவருக்கு அது
வரைபடத்தில் ஏற்கெனவே நீலமாய் ஓடிய கோடு.
புதிதாய் மை செலவாகவில்லை.

நான் லஸ்கர்.
ஏழாம் நம்பர் மதகின் சாவி
இருபது வருஷமாய் என் அரைஞாணில்.
சக்கரம் இடக்கரையில் நிற்கிறது,
தண்ணீர் வலக்கரை வயலில் விழுகிறது.
மதகு எந்தத் தொகுதி என்று
எழுதிக் கேட்டேன். ரசீது வந்தது.

சித்திரையில் ஓட்டு.
வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் கிடையாது.
எல்லை என்பது அப்போது
வெந்த மணல், கொஞ்சம் காட்டாமணக்கு,
ஓடு மட்டும் மிச்சமான ஒரு நண்டு.
ஆடுகள் ஒரு தொகுதியில் மேய்ந்து
இன்னொன்றில் அசைபோட்டன.

இடக்கரை வேட்பாளர் ஜீப்பை நிறுத்தி இறங்கினார்.
மரை தேய்ந்த திருகைக் காட்டினேன்.
பலகைக்கு அடியில் நான் திணித்திருந்த
வைக்கோலை, சாக்கைக் காட்டினேன்.
குனிந்து பார்த்தார். நிஜமாகவே பார்த்தார்.
"தண்ணி அந்தப் பக்கம்ல பாயுது" என்றார்.

மூன்றாம் நாள் வலக்கரைக்காரர்,
ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு:
"சக்கரம் அவங்க கரையிலதானே நிக்கிது?"

பிறகு ஒரு சுயேச்சை. உப்பிலி என்று பேர்.
சின்னம் நகவெட்டி. கூட ஒரே ஒரு பையன்,
அவனும் மச்சினன்.
அவர்தான் சட்டையைக் கழற்றி மதகில் போட்டுவிட்டு
என்னோடு சேர்ந்து சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தார்.
அசையவில்லை.
"சரி, வரேன்" என்று போய்விட்டார்.
மொத்தம் எண்பத்தொரு ஓட்டு அவருக்கு.
அதில் ஒன்று யாருடையது என்று
நான் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

பக்கிரிசாமி வீடு கரைமேட்டிலேயே இருக்கிறது.
அவர் பெயர் இடக்கரைப் பட்டியலில்,
சம்சாரம் தையல்நாயகி பெயர் வலக்கரையில்.
அடுப்பு ஒன்றுதான்.
ஓட்டன்று காலை இரண்டு ஆட்டோ வந்தது,
வாசலுக்கு ஒன்று, கொல்லைக்கு ஒன்று.
"எங்க ஆளு ஜெயிச்சா ஒரு வாரம் நான் ரசம் வைக்கிறேன்டி."
முப்பது வருஷத்தில் இந்த மனுஷன் கொடுத்த
முதல் வாக்குறுதி என்று சொல்லிக்கொண்டே
அவள் கொல்லைப்பக்க ஆட்டோவில் ஏறினாள்.

எண்ணிக்கை நாள், டீக்கடை டிவியில்
முன்னிலை, பின்னிலை,
முன்னிலை, பின்னிலை.
எனக்குத் தெரிந்து தலைமடை முன்னிலை,
கடைமடை பின்னிலை.
எத்தனை சுற்று எண்ணினாலும்.

இந்தக் கரையில் நாற்பத்தோராயிரம் வித்தியாசம்.
அந்தக் கரையில் நூற்றுப் பன்னிரண்டு;
ராத்திரி பத்து மணிவரை திரும்ப எண்ணினார்கள்.
வெடி மட்டும் இரண்டு பக்கமும்
ஒரே கடையில் வாங்கியது.
சிவப்புக் காகிதம் மணல் முழுக்கக் கிடந்தது,
எந்தப் பக்கத்துக் குப்பை என்று
பஞ்சாயத்தில் இன்னும் முடிவாகவில்லை.

ஆனியில் தண்ணீர் வந்தது.
முதலில் நுரை.
பிறகு பிளாஸ்டிக், வெடிக்காகிதம்,
கும்பிட்ட கையோடு பாதிச் சுவரொட்டி.
அப்புறம்தான் காவிரி.

கேஜில் ஒன்றேகால் அடி.
என் ஆள்காட்டி விரலில் மை
நகத்தின் பாதி தூரம் ஏறியிருந்தது.
திருகுக்கு மண்ணெண்ணெய் விட்டு
கடப்பாரை கொடுத்து நெம்பினேன்.
பக்கிரிசாமி ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தார்,
தையல்நாயகி சேலையைச் செருகிக்கொண்டு மறுபக்கம்.
கிரீச்சென்று ஒரு சாண் எழும்பியது பலகை,
அதற்கு மேல் மாட்டேன் என்றது.

அந்த ஒரு சாணில் தண்ணீர் புகுந்த சத்தத்தில்
அவர்கள் இரண்டு பேரும் என்னவோ
கத்திக்கொண்டிருந்தது காதில் விழவில்லை.
ரசமாகத்தான் இருக்கும்.
அவர் ஆள்தான் ஜெயித்திருந்தார்.