ஐந்தாம் எண்ணின் முதுகு

பதினோரு வருஷம் நான் பார்த்தது
தனிஸ்லாஸின் முதுகைத்தான்.
முகம் சட்டென்று நினைவுக்கு வராது.
ஐந்தாம் எண்ணின் வால் பிரிந்து
ஊக்கில் தொங்கியது தெரியும்.
வலக்கையைப் பின்னால் ஆட்டினால்
'வெளியே வராதே' என்று எனக்கு அர்த்தம்.

ஏற்காட்டுக்கு ஆறரை பஸ்.
ஆட்டம் இழுத்தால் மலைப்பக்கம் திரும்புவான்,
ஏதோ கொண்டை ஊசி வளைவில்
அவனுடைய பஸ் மட்டும் தெரியும் போல.
அப்படித் திரும்பிய ஒரு நொடியில்
நாமக்கல்காரன் இடப்பக்கம் நுழைந்தான்.
பந்து தனிஸ் முழங்காலில் பட்டு
என் தலைக்கு மேல் வலைக்குள் போனது.
காந்தி ஸ்டேடியமே அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது
அன்றைக்குத்தான்.

தடுத்ததற்கெல்லாம் கணக்கு கிடையாது.
நடக்காத கோலை
எந்தப் பேப்பர்காரன் எழுதுவான்?

பிறகு உருக்காலை அவனுக்கு வேலை தந்தது,
வேறு நிறத்தில் ஒரு பனியனும்.
கஞ்சமலை அடிவாரத்தில் முதல் மேட்ச்
எங்களோடுதான்.
கார்னருக்கு ஏறி வந்து
என் மூச்சு படும் தூரத்தில் நின்றான்.
இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு.

"இது எப்படா?"

"நீ பந்தைக் குத்தினப்ப.
எட்டு வருஷமாச்சு."

பந்து
வந்துகொண்டிருந்தது.