கொடுத்த முகவரி

டிசம்பரில் ஊலு நகரம்
மதியம் இரண்டு மணிக்கே விளக்கேற்றிவிடும்.
காகித ஆலையின் ஈரமானிக்கு
ஹில்க்கா எழுதிய டிரைவர்
மூன்றாவது வியாழனாக விழுந்து கிடக்கிறது.
ஆலையிலிருந்து தௌனோ அனுப்பிய படத்தில்
கறுப்புத் திரை, பதினாறு பதினாறு இலக்கமாய் எண்கள்,
ஓரத்தில் அவன் கட்டைவிரல்.

வெளியே ஓடும் நிரல் ஓர் எண்ணை நீட்டுகிறது:
என் பெட்டி இந்த இடத்தில், எடுத்துக்கொள்.
எங்கே என்று சொல்வது அதன் உரிமை.
நம்புவது கர்னலின் வேலை அல்ல.

அவள் நம்பவுமில்லை.
எல்லைக்குக் கீழேதானா என்று கேட்டிருக்கிறாள்.
நீளத்தைக் கூட்டினால் உச்சியைத் தாண்டி
மறுபக்கம் பூஜ்யத்தருகே
நல்ல பிள்ளையாய் வந்து நிற்கும் எண்களை
அவளுக்குத் தெரியும்.
அதனால் கூட்டவில்லை,
எல்லையிலிருந்து கழித்துப் பார்த்திருக்கிறாள்.

மூன்றாம் கோப்பை காப்பி ஆறிப்போனது.
வரி 214.
வரி 231.

இரண்டும் அதே நீளத்தை
அங்கேயே போய்ப் படிக்கின்றன,
ஒன்று சோதிக்க, மற்றது எடுக்க.
நடுவே பதினாறு வரி.
வியாழன்தோறும் கனத்த காகிதம், புது அளவுப் பட்டியல்.
ஷிப்ட் மாறும் அவசரத்தில்
அந்தப் பதினாறு வரிக்குள் இன்னோர் இழை நுழைந்து
அறுபத்து நான்கை அழித்து
நாலாயிரம் என்று எழுதிவிட்டுப் போகிறது.
திருடனில்லை.
வேலை பார்க்கிறது, அவ்வளவுதான்.
அறுபத்து நான்கு கொள்ளும் பாத்திரத்தில்
நாலாயிரம் வந்து கொட்டுகிறது.

தீர விசாரிப்பதே மெய்.
விசாரித்தாள், மெய்தான்.
214ஆம் வரியின் மெய்,
231இல் அது ஊசிப்போயிருந்தது.

இரவு எட்டுக்குள் திருத்திவிட்டாள்.
ஒரே முறை வெளியே போ.
தலைப்பை அப்படியே உள்ளே கொண்டுவா.
கதவைச் சாத்து.
கையில் இருப்பதை மட்டும் சோதி,
சோதித்ததை மட்டும் நம்பு.
மேலே ஒரு குறிப்பு, தனக்கே எழுதியது போல:
'இதற்குப் பிறகு எட்டிப் பார்க்காதே.'

தௌனோ தொலைபேசியில் கேட்டான்,
எங்கள் ஆட்களின் தப்பா?
இல்லை, ஒரே கேள்வியை
நான் இரண்டு முறை கேட்டுவிட்டேன்.
கொஞ்ச நேரம் மௌனம்.
பிறகு 'நோ நீன்' என்றான்.
அந்த ஊரில் அதற்கு எல்லாப் பொருளும் உண்டு.

அடுத்த வியாழன், இரண்டு மணி, இருட்டு.
பதிவேட்டில் ஒரே ஒரு வரி:
மைனஸ் இருபத்திரண்டு, செல்லாத மதிப்பு.
இழை இன்னொரு முறை
சரியான நீளத்தோடு வந்து நின்றது.
காகிதம் அறுபடாமல்
ஓடிக்கொண்டிருந்தது.