எங்கட ஆள்

திமிங்கிலத்தைக் கண்ட வெள்ளைக்காரி
அழுதபடி கரையிறங்கிய நாளில்
முதலாளி சொன்னார்:
"லாபிர் எங்கட ஆள்."

புறாத்தீவுக்கு அங்கால எஞ்சின் நின்று
மூன்று மணிநேரம் வெயிலில் மிதந்த நாளில்
அதே வாய்:
"அவர் வெளியாள். எங்களுக்குப் பொறுப்பில்லை."

இரண்டு கடிதத்தையும் தட்டியவள் நான்.
ஒரே கீபோர்ட். அதே தேத்தண்ணிக் கறை.

நீலச் சட்டை கொடுத்தோம், முதுகில் எங்கள் பெயர்.
சட்டைக் காசை
முதல் ஓட்டத்திலேயே கழித்தோம்.
வேறு கம்பனிக்கு ஓடக்கூடாது என்றோம்.
ஐப்பசி தொடங்கி மாசி வரை
ஓட எதுவும் கொடுக்கவில்லை.
போட் அவருடையது, பெற்றோல் அவருடையது,
லைஃப் ஜாக்கெட் பன்னிரண்டும் அவருடையவை.
எங்களுடையது
ஒரு வாட்ஸ்அப் இலக்கம்,
முப்பது வீதம்.

போன வெள்ளி, விடிய ஐந்தரைக்கு அழைத்தார்.
"தங்கச்சி, கடல் சரியில்லை.
கோணமலைக்கு அங்கால வெள்ளை புரளுது."
முதலாளி: "போகச் சொல்லு."

நான் சொல்லவில்லை.
போனை மேசையில் கவிழ்த்தேன்.
ஏவுவதென்றால் சம்பளம் கொடுத்து ஏவுங்கள்.
சம்பளம் இல்லையென்றால்
கடலைப் பற்றி அவர் சொல்வதே சொல்.
இரண்டையும் நீங்களே வைத்துக்கொண்டால்
அதற்கு ஒப்பந்தம் என்று பெயரில்லை.

என் குரல் எனக்கே புதிதாய்க் கேட்டது.

வெளியே ஒரு மான்
குப்பைத் தொட்டிக்குள் முகம் விட்டு நின்றது.
இந்த ஊரில் படம் எடுக்கும்போது
எல்லாருக்கும் அது எங்கட மான்.
வான் அடித்துக் கிடந்தால்
யாருடையதுமில்லை.

அன்று போட் போகவில்லை.
பயணிகளின் காசு
முதல்முறையாக எங்கள் லாச்சியிலிருந்து திரும்பியது.

மத்தியானம் எழுதினேன்: ஒரே பக்கம், தமிழில்.
பெற்றோல் காசு முதல்நாள் மாலை.
மிச்சம் ஏழு நாளுக்குள்.
போவதா இல்லையா, அது ஓட்டியின் முடிவு.
யாருக்கும் ஓடலாம்.
சட்டை, விரும்பினால்.

முதலாளி ஏழை வெட்டிப்
பதினான்கு என்று எழுதினார்.
முப்பதில் கை வைக்கவே விடவில்லை.

லாபிர் நின்றபடியே வாசித்தார்.
இன்னொரு தரம் வாசித்தார்.
பிறகு தாளைத் திருப்பி
பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகுதான்
பேனை கேட்டார்.