அரைப்பேர்

முதலில் மெஷினைத்தான் சந்தேகப்பட்டேன்.
கோத்தகிரியில் கரண்ட் ஒரு நாளைக்கு
ஒன்பது தடவை குனிந்து நிமிரும்.
கன்ட்ரோல் ஓட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது.
மறுபடி அதே சீரம், அதே எண்:
முப்பத்தெட்டு புள்ளி நான்கு.
நாலு வரைக்கும் போகலாம் என்று
அச்சடித்த கட்டத்துக்குப் பக்கத்தில்.

பேர் மருதாயி. வயது நாற்பத்தொன்று.
இரண்டு ஸ்வெட்டருக்குள் உட்கார்ந்திருந்தாள்,
கீழ்நாட்டிலிருந்து வந்தவர்கள்கூட
அரைக்கைச் சட்டையோடு வர்க்கி கடித்துக்கொண்டு போன
ஏப்ரல் மாதத்தில்.
கையை நீட்டுங்கள் என்றால்
சொல் போய்ச் சேரக் கொஞ்ச நேரமானது.
விரல் மோதிரத்தை விழுங்கியிருந்தது.

போன வருசம் இருபத்தெட்டு கிலோ கொழுந்து எடுத்தவள்.
இப்போது பதினொன்று, மிஞ்சினால் பன்னிரண்டு.
மேஸ்திரி அரைப்பேர் போட்டான்.
புருசன் சோம்பேறி என்றான்.
குறி சொல்கிறவர் வேறொன்று சொன்னார்,
அதற்கு முந்நூறு ரூபாய்.
எந்த மாதத்திலிருந்து இப்படி என்று
அவளுக்கே தெரியவில்லை.

"நெறய இருக்கா?" என்றாள்.
குரல், ஈரத் தகரத்தில் விளக்குமாறு இழுத்தது போல.

ரிசல்ட்டை விளக்குவது என் வேலையில்லை,
கவரில் போட்டு ஒட்டுவதுதான்.
டாக்டர் குன்னூர் போயிருந்தார்.
மழை வேறு பிடித்துக்கொண்டது.

இது வியாதியோட அளவு இல்லக்கா, என்றேன்,
கூப்பிடுற சத்தத்தோட அளவு.

மூளைக்கு அடியில் பட்டாணி மாதிரி ஒன்று தொங்குகிறது.
கம்பி கிடையாது அதற்கு, ஆள் கிடையாது.
சொல்ல வேண்டியதை ரத்தத்தில் விட்டுவிடும்,
ஃபேக்டரி சங்கைக் காற்றில் விடுகிற மாதிரி.
சங்கு எல்லார் கூரை மேலும்தான் போகிறது.
கோழிக்குக் கேட்கிறது,
கேரட் கழுவுகிறவனுக்குக் கேட்கிறது,
ஷிஃப்ட் உள்ளவன் மட்டும் எழுந்து சட்டை மாட்டுகிறான்.
அதுவும் அப்படித்தான்,
கல்லீரலைத் தாண்டிப் போகும், முழங்காலைத் தாண்டிப் போகும்,
ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
தொண்டைக்குழியில் ஒரு சுரப்பிக்கு மட்டும்
அந்தக் குரலில் தன் பேர் கேட்கும்.
கேட்டதும் பதில் சுரக்கும்.
பதில் ஊறி மேலே போய்ச் சேர்ந்தால்
கூப்பிட்டது குரலைத் தணிக்கும்.

உங்களுக்குப் பதில் போகவில்லை.
அது மறுபடி கூப்பிட்டது. பிறகு இன்னும் உரக்க.
சுரப்பியைக் குறை சொல்லாதீர்கள்,
வீட்டு நாயே அதைக் கடித்திருக்கலாம்.
அது அடுத்த டெஸ்ட்டில் தெரியும்.

மருதாயி ஜன்னலைப் பார்த்தாள்.
மூடுபனி பஸ் ஸ்டாண்டை எடுத்துக்கொண்டிருந்தது,
முதலில் பேனர், அப்புறம் கடைகள், அப்புறம் ஆட்கள்.
"அப்ப இத்தன நாளா
யாரோ என்னக் கூப்பிட்டுக்கிட்டே இருந்துருக்காங்க."

நான் சிரிஞ்சை உடைத்துப் பெட்டியில் போட்டேன்.
வேறென்ன செய்ய.

மாத்திரை விடிகாலையில், வெறும் வயிற்றில்.
ஒரு மணி நேரத்துக்கு டீ கூடாது.
இதைப் படித்துக் காட்டியபோதுதான் சிரித்தாள்.
"பொழுதன்னிக்கும் அதுக்குள்ளயே நிக்கிறோம்,
குடிக்க மட்டும் கூடாதாமா?"

ஆறு வாரம் கழித்து வந்தாள். ஒரே ஸ்வெட்டர்.
ஒன்பது புள்ளி ஒன்று.
எறங்கிருச்சா என்றாள். இறங்குது என்றேன்,
இப்போ கொஞ்சம் மெல்லப் பேசுது.
கொழுந்து பதினேழு கிலோ வந்திருக்கிறது.
முழுப்பேர் இன்னும் இல்லை.
கவரை மேஸ்திரியிடம் காட்டினாளாம்.
தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு
மடித்துக் கொடுத்தானாம்.

வெளியே புருசன் பைக்கில் இருந்தபடி ஹாரன் அடித்தான்.
ஒரு தடவை.
பிறகு நீளமாக ஒரு தடவை.
ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு
திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:
"கேக்குது,
கேக்குது. இருங்க."